கூரையும் உடைமையும்: தேசிய சூரியசக்தித் திட்டமிடலும் சப்ரகமுவத் தோட்டங்களும்

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் திகதி இலங்கை அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடக்கிவைத்தது. சூரிய வலுவுக்கான போராட்டம் என்பது அப்பெயரின் பொருள். வீடுகளினதும் நிறுவனங்களினதும் கூரைகளிலே சூரியத் தகடுகளைப் பொருத்தி, 2020ஆம் ஆண்டளவில் 200 மெகாவாற் கொள்ளளவையும் 2025ஆம் ஆண்டளவில் 1000 மெகாவாற் கொள்ளளவையும் தேசிய மின்தொகுதியோடு இணைப்பது அதன் குறிக்கோளாக இருந்தது. எண்ணளவில் அது தோல்வியுற்ற திட்டமன்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள்ளேயே கூரைச் சூரியக் கொள்ளளவு 1000 மெகாவாற்றைத் தாண்டிவிட்டது. இந்நாட்டின் திட்டமிடல் வரலாற்றிலே குறித்த இலக்கைக் குறித்த காலத்துள் எய்திய திட்டங்கள் மிகச் சிலவே ஆதலின், இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று.

எனினும் இவ்வெற்றி பற்றிய கணக்குகளிலே ஒரு சொல் ஆராயப்படாமலே கையாளப்பட்டு வந்துள்ளது. அது கூரை என்னும் சொல். கொள்கை ஆவணங்களிலே கூரை என்பது வெயில் படும் ஒரு பரப்பு. சதுர மீற்றரால் அளக்கத்தக்கது. சாய்வும் திசையும் உடையது. சமூக வரலாற்றை நோக்குவார்க்கு அது ஓர் உடைமை உறவாகவும் தோன்றும். கூரையின் கீழ் வாழ்பவரும் கூரைக்கு உரியவரும் ஒருவரேயாயின் இவ்விரு நோக்குகளுக்குமிடையே முரண்பாடு எழுவதில்லை. இருவரும் வேறானவராயின், அத்தகடு எவருடைய கணக்கில் வரவு வைக்கப்படும் என்பது தீர்க்கப்படவேண்டிய வினாவாகிவிடுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் லயன்களிலே நான்கைந்து தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தொழிலாளரின் நிலை இதுவே. தேசிய சூரியசக்தித் திட்டமிடலை இம்மக்களின் கூரையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

சப்ரகமுவையைத் தெரிவுசெய்தமைக்குக் காரணம் உண்டு. மலையகம் என்றதும் நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய மாவட்டங்களே பெரும்பாலான ஆய்வாளரின் கண்முன் வருகின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய முதலாய பகுதிகளிலும், பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை முதலாய பகுதிகளிலும் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. மாவட்டக் குடித்தொகையிலே சிறு விழுக்காட்டினராகிய இத்தொழிலாளருக்கு, நுவரெலியா மாவட்டத்தாருக்கு வாய்த்த தேர்தற் பேரம்பேசும் பலம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் இப்பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் எரிந்த லயன்களுக்கே திரும்பினர். அயலிலுள்ள கிராமமும் தோட்டமும் ஒரே ஆற்றின் நீரையும் ஒரே வெயிலையும் பெறுகின்ற இம்மாகாணத்திலே, ஒளி மட்டும் எவ்வாறு வேறுவேறு வழியில் வந்தது என்பதை மற்றெங்கினும் தெளிவாகக் காணலாம்.

தோட்டங்களின் வலு வரலாறு மின்சார சபையோடு தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களிலேயே பழத்தோலுரிக்கும் பொறிகள் நீர்ச்சக்கரத்தால் இயக்கப்பட்டன. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் கொழுந்தை உருட்டும் பொறியும், சிறோக்கோ எனப் பெயர்பெற்ற உலர்த்தியும் தொழிற்சாலைக்குள் புகுந்தன. இவற்றை இயக்குவதற்கு மலையோடைகளை மறித்து இரும்புக் குழாய்வழியே நீரைக் கீழிறக்கினர். இங்கிலாந்தின் கென்டல் நகரிலிருந்து கில்க்ஸ் நிறுவனத்தாரின் நீர்ச்சுழலிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்திறங்கின. ஓடை சுழலியைச் சுற்ற, சுழலி தண்டைச் சுற்ற, தண்டிலிருந்து தோல்வார்கள் பொறிகளைச் சுற்றின. பின்னர் அத்தண்டோடு மின்பிறப்பாக்கி பிணைக்கப்பட்டது. ஆகவே இந்நாட்டின் பல கிராமங்கள் மின்சாரம் என்னும் சொல்லையே அறியாதிருந்த காலத்தில், காட்டோரத்துத் தோட்டங்கள் சிலவற்றிலே மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கே எரிந்தது என்பதே இங்கு முக்கியமானது. முதலில் தொழிலாளர் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில். அடுத்துத் துரையின் பங்களாவில். பின்னர் உத்தியோகத்தர் வீடுகளில். இந்த ஒழுங்கு தற்செயலானதன்று. பகலிற் பறித்த கொழுந்து காத்திருக்காது. வாட்டுதலும் உருட்டுதலும் இரவிலேயே நடைபெற வேண்டியவை. ஸ்டோரில் எரியும் விளக்கு வேலைநாளை நீட்டுகின்றது. அதன் வழியே உபரி பெருகுகின்றது. லயத்தில் எரியும் விளக்கு ஒரு கூடைக் கொழுந்தையும் கூட்டித் தராது. எனவே மூலதனத்தின் கணக்கிலே அதற்கு இடமிருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவில் வாழ்ந்தோர் தம் கூலியிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கிக் குப்பிவிளக்கு ஏற்றினர். ஒளிக்கான செலவு முதலாளியினுடையதாக இருக்கவேண்டிய இடத்தில் பொறிக்கும், தொழிலாளியினுடையதாக இருக்கவேண்டிய இடத்தில் மனிதருக்கும் என ஒளி இரு கணக்குகளாகப் பிரிந்தது.

சூரியனும் இத்தோட்டங்களிலே உற்பத்தி உறவுக்குப் புறம்பாக நின்றதில்லை. கேகாலையின் இறப்பர்த் தோட்டங்களிலே பால்வெட்டு விடியலோடு தொடங்கவேண்டும். வெயில் ஏற ஏறப் பால் சுரப்பது குறையும். மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை, பேரும் இல்லை. ஆண்டு மழைவீழ்ச்சி 3500 மில்லிமீற்றரை விஞ்சும் இரத்தினபுரிப் பகுதியில் வெயில் என்பது கூலி கிடைக்கும் நாளின் மறுபெயராயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பாலையா தமிழிலே தந்த ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் நெடும்பாவிலே விடியல் தப்பொலியோடு வருவது இவ்விடத்து நினைக்கத்தக்கது. தமிழ்ப் புதுக்கவிதையிலே விடியல் என்பது நம்பிக்கையின் குறியீடாகத் தேய்ந்துபோன ஒன்று. மலையக இலக்கியத்தில் அது பெரட்டுக்கான அழைப்பாகவும் இருந்தது. இக்குறியீட்டு வேறுபாட்டின் வேர் பொருளியல் வாழ்வில் உள்ளது என்பதைக் குறித்துவிட்டு மேற்செல்வோம்.

நாட்டின் மின்வலுவைத் தேசியப் பிரச்சினையாக முதலில் எழுப்பியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியற் கழகத்தின் முன் அவர் படித்த ஆய்வுரை, மஸ்கெலி, கெஹெல்கமு ஓயாக்களின் நீரிலிருந்து மின்சாரம் பெறுவதன் பொருளாதாரத்தை விரிவாக எடுத்துரைத்தது. 1924இல் தொடங்கிய லக்சபான வேலைகள் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. அரசுப் பணியிலிருந்து விலகிய விமலசுரேந்திர 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைக்கு இரத்தினபுரித் தொகுதியிலிருந்து தெரிவுசெய்யப்பட்டார் என்பதும், அங்கும் நீர்மின் திட்டத்திற்காகவே வாதாடினார் என்பதும் எமது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையவை. அத்தேர்தல் சர்வசன வாக்குரிமையின் கீழ் நடந்த முதலாவது தேர்தல். ஆனால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு அவ்வாக்குரிமை நிரந்தரக் குடியிருப்பு முதலாய நிபந்தனைகளோடேயே வழங்கப்பட்டது. தேசிய மின்சாரத்தின் முதற்குரல் இரத்தினபுரியின் பெயரால் ஒலித்தபோது, அம்மாவட்டத் தோட்டங்களின் பெரும்பான்மையோர் வாக்காளராகவே எண்ணப்படவில்லை.

லக்சபான நிலையம் இறுதியில் 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்த காலமும் அதுவே. தேசம் ஒளிபெறுவதும் தேசத்தின் எல்லைக்குள் யார் அடங்குவர் என்பது தீர்மானிக்கப்படுவதும் ஒரே மூன்றாண்டுக்குள் நிகழ்ந்தன. இதனைச் சதியென்று கூறவேண்டியதில்லை. ‘தேசியத் திட்டமிடல்’ என்னும் தொடரிலுள்ள தேசியம் எவ்வளவு அகலமானது என்பதை அறிவதற்கு இவ்வொற்றுமை போதும்.

இடதுசாரி இயக்கம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும் கேட்டாகவேண்டும். களனிப் பள்ளத்தாக்கு அவ்வியக்கத்தின் தொட்டில்களுள் ஒன்று. 1933இல் எழுந்த சூரியமல் இயக்கமும், 1934–35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயின்போது இடதுசாரி இளைஞர் ஆற்றிய தொண்டும் 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவன்வெல்லையில் என். எம். பெரேராவின் வெற்றிக்கு வழிகோலின. (சூரியமல் என்பது பூவரசம்பூவின் சிங்களப் பெயர், கதிரவனைக் குறித்ததன்று.) இவ்வியக்கத்தார் பின்னர் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்திலேயே 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது, 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிருவகித்தன. உடைமை லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்தது. லயத்தின் கூரை அதன் கீழ் வாழ்ந்தவரிடம் வரவில்லை. அரசுடைமையைச் சமூகவுடைமை எனப் பெயர்மாற்றி அமைதிகொண்டமை அக்கால இடதுசாரிச் சிந்தனையின் பெரும் குறைபாடாகும். சோவியத் ருஷ்யாவின் 1920ஆம் ஆண்டு மின்மயத் திட்டத்தை இவர்கள் மேடைதோறும் எடுத்துக்காட்டினர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே நிலப்பிரபுக்களின் உடைமையை ஒழித்த நில ஆணை அங்கு பிறந்திருந்தது என்பதை அத்துணை அழுத்தமாக எடுத்துக்காட்டினர் அல்லர். முதலில் நிலம், பின்னர் மின்கம்பி என்பதே அங்கு நிகழ்ந்த வரிசை.

சப்ரகமுவையின் நீர் தேசிய மின்தொகுதிக்கு ஆற்றிய பங்கு சிறிதன்று. பலாங்கொடைக்கு அண்மையில் வளவை ஆற்றை மறித்து அமைத்த சமனலவெவ நிலையம் (120 மெகாவாற்) 1992இலும், கலவானைப் பகுதியின் குக்குலே கங்கை நிலையம் 2003இலும் இயங்கத் தொடங்கின. 1990களின் பிற்பகுதி முதல் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்ட ஓடைகளிலே பெருகின. இவற்றின் சுழலிக் கொட்டகைகள் சில தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன. ஓடை தோட்டத்தினுடையது, தோட்டம் குத்தகைக் கம்பனியினுடையது, மின்சாரம் தேசியத் தொகுதியினுடையது. அவ்வோடையில் குளித்துத் துவைத்துவந்த லயத்தார் இக்கணக்கில் எங்கும் வருவதில்லை.

இதே மலைகளில் வேறொரு வரலாறும் உண்டு. அது எமது நோக்கிலே மிகவும் பெறுமதி வாய்ந்தது. உலக வங்கியின் உதவியோடு 1997 முதல் 2002 வரை நடைபெற்ற வலுச் சேவை வழங்கல் திட்டமும், அதன்பின் 2011 வரை நடைபெற்ற கிராமியப் பொருளாதார அபிவிருத்திக்கான புதுப்பிக்கத்தக்க வலுத் திட்டமும் தேசிய மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கு இரு வழிகளைக் காட்டின. ஒன்று வீட்டுச் சூரியமின் தொகுதி: கூரையில் ஒரு தகடு, உள்ளே ஒரு பட்டரி, சில விளக்குகள், ஒரு வானொலியோ சிறு தொலைக்காட்சியோ. இவ்வாறு ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் ஒளிபெற்றன. மற்றது கிராமிய நீர்மின் நிலையம். கிராமத்தார் மின்நுகர்வோர் சங்கம் ஒன்றைப் பதிவுசெய்து, ஓடையை மறித்து, கால்வாய் வெட்டிச் சிரமதானத்தால் அமைத்துக்கொண்ட சில கிலோவாற் நிலையங்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே செறிந்து தோன்றின. சங்கத்துக்கே சுழலி உரியது. கட்டணத்தைச் சங்கமே தீர்மானித்தது. பழுதானால் கிராமத்து இளைஞரே கழற்றிப் பூட்டினர். மின்சாரத்திலே கூட்டுடைமை இயலாது என வாதிடுவோர் இவற்றை ஒருமுறை சென்று பார்த்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்நாட்டில் இத்தகைய சிறு நீர்மின் தொழில்நுட்பத்தின் பள்ளிக்கூடமே தேயிலைத் தோட்டம்தான். 1970களின் இறுதியில் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவினர் இலங்கையில் முதலிற் கைவைத்தது தோட்டங்களிற் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுழலிகளைப் புதுப்பிக்கும் வேலையிலேயாகும். தோட்டத்திற் கற்ற கலை கிராமத்துக்குச் சென்று சங்கமாக மலர்ந்தது. தோட்டத்து லயத்துக்கு அது திரும்பிவரவில்லை. கிராமத்தானுக்கு ஓடையின் கரையில் உறுதிக்காணியோ அனுபோகமோ இருந்தது. சங்கம் அமைக்கவும் கடன் பெறவும் அது அடித்தளமாயிற்று. லயத்தானுக்கு இருந்தது வேலைக்கு இணைந்த குடியிருப்பு மட்டுமே.

இவ்விலக்கத்தைச் சட்டமும் உறுதிசெய்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியிலிருந்து வீதியும் கிணறும் பிற பொதுவசதிகளும் செய்துகொடுக்கப்படக்கூடியோர் கிராமவாசிகள் எனக் கொண்டது. தோட்டம் கிராமமன்று, ஆகவே தோட்டத்து வீதிக்கு விளக்கும் இல்லை. தோட்டத்தவர் அச்சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினராயும் சென்றனர். ஆயினும் தம் லயத்துக்கு ஒரு தெருவிளக்கை அச்சபையால் நாட்ட முடியாதிருந்தது. 31 ஆண்டுகளின் பின் 2018இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்கள் அதிகாரசபைக்கான 32ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. கிராமம் என்னும் சொல் ஒரு நிருவாகச் சொல்லாக மட்டுமன்றி ஒளியைப் பங்கிடும் அளவுகோலாகவும் தொழிற்பட்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேசிய மின்கம்பி பிற்காலத்தில் லயன்களுக்கும் வந்தது என்பதை மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டளவில் நாடு ஏறத்தாழ முழுமையான மின்னிணைப்பை எய்திவிட்டதென அறிவிக்கப்பட்டது. ஆனால் இணைப்புப் பெறும் முறையிலும் உடைமையின் கைவரிசை தெரிந்தது. நிலமும் கட்டடமும் தோட்டத்தினுடையவை ஆதலால், விண்ணப்பத்தோடு நிருவாகத்தின் இணக்கமும் வேண்டப்பட்டது. 1992ஆம் ஆண்டு தோட்டங்கள் பிரதேச பெருந்தோட்டக் கம்பனிகளிடம் 53 ஆண்டுக் குத்தகைக்கு ஒப்படைக்கப்பட்டபோது, லயன்களும் அவற்றின் கூரைகளும் அக்குத்தகைக்குள் அடங்கியே சென்றன.

இப்பின்னணியோடு இனிச் சூரியசக்திக் கொள்கைக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது. 2008ஆம் ஆண்டுத் தேசிய வலுக்கொள்கை, மரபுசாராப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து 2015ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 10 விழுக்காட்டைப் பெறவேண்டும் என வரையறுத்தது. 2011இல் அம்பாந்தோட்டை புருதகந்தையில் மின்தொகுதியோடிணைந்த முதலாவது சூரியப் பூங்கா அமைந்தது. பின்னர் 2030ஆம் ஆண்டளவில் 70 விழுக்காடு என்னும் இலக்கு வகுக்கப்பட்டது. இவற்றுள் பொதுமக்களின் வாழ்வை நேரடியாகத் தொட்டது 2016ஆம் ஆண்டுத் திட்டமே.

அத்திட்டம் மூன்று முறைகளை முன்வைத்தது. முதலாவதில் உற்பத்தி நுகர்வோடு நேர்செய்யப்படும். மிகுதி அடுத்த மாதத்துக்குச் செல்லும், பணம் இல்லை. இரண்டாவதில் மிகுதிக்குப் பணம் வழங்கப்படும்: முதல் 7 ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபா, எஞ்சிய 13 ஆண்டுகள் 15.50 ரூபா. மூன்றாவதில் உற்பத்தி முழுவதும் விற்கப்படும். ஒப்பந்தக் காலம் 20 ஆண்டுகள். 2017ஆம் ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கி 5 கோடி டொலரை இதற்கான கடன்நிதியாக வழங்கிற்று.

இம்முறைகளுக்குள் பொதிந்துள்ள வர்க்கக் கணக்கை விளங்கிக்கொள்ள அக்காலத்துக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வது போதுமானது. மாதம் 30 அலகுக்கு மேற்படாத வீடு அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும் செலுத்தியது. மொத்தம் 105 ரூபா. 180 அலகைத் தாண்டிய வீடு, தாண்டிய அலகொன்றுக்கு 45 ரூபா செலுத்தியது. ஒரே வெயிலில் விளைந்த ஓர் அலகு கொழும்பு மாளிகையில் 45 ரூபாவை மிச்சப்படுத்த, எட்டியாந்தோட்டை லயத்தில் இரண்டரை ரூபாவை மிச்சப்படுத்தும். எனவே முதலில் தகடு பூட்டியவர் யாராயிருப்பர் என்பதை ஊகிக்கப் பொருளியற் புலமை வேண்டியதில்லை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உயர்படியினர் செலுத்திய 45 ரூபாவே கீழ்ப்படியினரின் 2.50 ரூபாவைத் தாங்கியது. உயர்படியினர் வெயிலுக்கு மாறியபோது அத்தாங்குகோல் மெலிந்தது. சூரியசக்தியின் பெருக்கம் சமூகத் திட்டமிடல் இன்றி நிகழுமாயின், அதன் விலையை வெயிலைப் பயன்படுத்தாதவர் செலுத்த நேரிடும்.

2022–23ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் இவ்விலை எவ்வளவு கடுமையாகும் என்பது தெரிந்தது. எரிபொருளும் அந்நியச் செலாவணியும் தீர்ந்தமையே அந்நெருக்கடியின் காரணம். சூரியத் தகடுகள் அன்று. ஆயினும் அடிப்படியினருக்கு நிகழ்ந்ததைக் காண்க. மேலே கண்ட 105 ரூபாப் பட்டியல் 2022 ஆகஸ்ட் உயர்வால் 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் 1300 ரூபாவாயிற்று. அவ்வேளை தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபா. 30 அலகு என்பது இரண்டு மூன்று விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் அன்றி வேறில்லை. அதற்காக ஒரு நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு சென்றது. 2023 யூலையில் அது 450 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையே கூரையிலிருந்து விற்பார்க்கு அலகு விலை 2022இல் 37 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. வாங்கும் விலை உயர்வும் விற்கும் விலை உயர்வும் ஒரே ஆண்டிலே இரு வர்க்கங்களைத் தனித்தனியே சென்றடைந்தன.

கூரைப் பிரச்சினை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டு அரசு 2011இல் அறிவித்த சூரியமின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் ஏழைகளையே நோக்கியது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். வறியோருக்கு அரசே வீட்டையும் தகட்டையும் கட்டித்தந்த வகையில் அது இலங்கைத் திட்டத்தினும் முற்போக்கானது. ஆனால் பயனாளிக்குப் பட்டா நிலம் வேண்டும் என்னும் நிபந்தனை அங்கும் இருந்தது. சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து சென்று நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புகளில் வாழ்ந்தோர், கடல்கடந்தும் அதே வினாவுக்கு முன் நின்றனர்.

இனி, லயத்துக் கூரையைத் தொழில்நுட்ப நோக்கில் ஒருகணம் காண்போம். பத்துக் காம்பராக்கள் கொண்ட ஒரு லயத்தின் தரைப்பரப்பு, இஸ்தோப்பை விட்டாலும், 1200 சதுர அடி; ஏறத்தாழ 110 சதுர மீற்றர். 5 கிலோவாற் தொகுதிக்கு 25 முதல் 30 சதுர மீற்றர் வரை போதும். சப்ரகமுவையின் மழையையும் முகிலையும் கழித்துப் பார்த்தாலும் ஒரு கிலோவாற் மாதம் 100 அலகு வரை தரும். பத்துக் குடும்பங்களின் 300 அலகுத் தேவைபோக 200 அலகு மிகுதியாகும். கூரையின் அளவும் வெயிலும் தடையாக இல்லை. பழுதுபட்ட தகரக் கூரைகள் தகடுகளின் சுமையைத் தாங்கா என்பர் சிலர். அது உண்மையே, ஆனால் அது கூரையை மாற்றவேண்டும் என்பதற்கான வாதமே தவிரத் தகடு கூடாது என்பதற்கான வாதமாகாது. 2016 மே மாதத்தில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பானத் தோட்டத்து லயன் மண்சரிவிற் புதைந்தது. அதன்பின் 20 ஆண்டு ஒப்பந்தம் எழுதுவதற்கு எந்த லயன் தகுதியுடையது என்ற கேள்வி எழுவதும் நியாயமே. அதற்குரிய விடை பாதுகாப்பான நிலமும் உறுதியுடைய வீடுமாகும். 2015 முதல் பேசப்பட்டுவரும் ஏழு பேர்ச் காணித் திட்டம் சப்ரகமுவையில் ஆமைவேகத்திலேயே நகர்ந்துள்ளது.

தோட்டங்களில் தகடுகள் வரவே இல்லை என்பதும் சரியன்று. அண்மைய ஆண்டுகளில் பெருந்தோட்டக் கம்பனிகள் பல தேயிலைத் தொழிற்சாலைகளின் கூரைகளில் அவற்றைப் பொருத்தியுள்ளன. நூறாண்டுக்கு முன் நீர்ச்சுழலி வந்த அதே வரிசையில் சூரியத் தகடும் முதலில் ஸ்டோருக்கே வந்துள்ளது. அத்தகடுகளிற் பெரும்பாலானவை சீனத்தில் ஆனவை. 1952ஆம் ஆண்டு இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை இறப்பர் சென்றதும் அந்நாட்டுக்கே. கேகாலைத் தொழிலாளி வெட்டிய பாலுக்கு அன்று அரிசியாவது வந்தது.

2025 ஏப்பிரலில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே குறித்தல் தகும். புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை வீழ்ந்ததனால் மின்தொகுதி நிலைகுலையலாம் என்று அஞ்சி, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. பொறியியல் நோக்கில் அவ்வேண்டுகோளுக்குக் காரணம் இருந்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான், பெப்ரவரி 9ஆம் திகதி, நாடு முழுவதும் இருளில் மூழ்கியிருந்தது. ஆயினும் நகரக் கூரைகளில் விளைந்த வெயில் மிகையாகிவிட, சேமிப்புப் பட்டரியும் பங்கீடும் திட்டத்தில் இல்லாமையால் அதனை அணைத்துவைக்க நேர்ந்தது என்பது தனியார் கூரைகளை மட்டுமே எண்ணிய திட்டமிடலின் உள்முரண்பாடாகும். சிறு சிறு நுகர்வோர் கூட்டாகச் சேர்ந்து, பகலிற் சேமித்து, இரவிற் பகிர்ந்துகொள்ளும் தொகுதிகள் இம்முரண்பாட்டைத் தணிக்கக்கூடியன. அத்தகைய கூட்டுக்கு லயத்தைவிட இயல்பான அலகு வேறொன்று இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. பத்துக் குடும்பங்களை ஒரே கூரையின் கீழ் அடைத்தது மூலதனத்தின் சிக்கனம். அச்சிக்கனமே கூட்டு மின்தொகுதியின் செலவையும் குறைக்கும்.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. கிராமிய நீர்மின் சங்கங்களின் யாப்பு இதே மாவட்டங்களில் உண்டு. பிரதேச சபை தோட்டத்திற்குச் செலவிடலாம் என 2018ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. புதிய கிராமங்கள் அதிகாரசபையும் சட்டத்தில் உள்ளது. இல்லாதது ஒன்றே: லயத்தின் மின்நுகர்வோர் சங்கத்தைக் கூரையின் உரிமையாளராகவோ, குறைந்தபட்சம் கூரையின் மீது ஒப்பந்தம் செய்யும் உரிமையுடையதாகவோ ஏற்கும் ஒரு விதி. அதனை வலு அமைச்சு மட்டும் ஆக்கமுடியாது. காணி அமைச்சும் பெருந்தோட்ட அமைச்சும் சேர்ந்தே ஆக்கமுடியும். சூரியசக்தித் திட்டமிடல் காணிச் சீர்திருத்தத்தின் ஒரு கிளையாக நோக்கப்படவேண்டும் என்று நாம் கூறுவதன் பொருள் இதுவே.

காலக்கணக்கு ஒன்று எஞ்சியுள்ளது. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய 53 ஆண்டுக் குத்தகைகள் 2045இல் முடிவடைகின்றன. 2025இல் எழுதப்பட்ட 20 ஆண்டுச் சூரிய ஒப்பந்தம் முடிவதும் அதே ஆண்டில். அதற்குப் பின்னர் எழுதப்படும் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் குத்தகையின் எல்லையைக் கடந்து செல்லும். அதனால் லயத்துக் கூரை 2045இன் பின் எவருடையது என்பதை, அக்கூரை மீது கைச்சாத்திட முன்வரும் எந்த நிறுவனமும் இப்போதே அரசிடம் கேட்டாகவேண்டும். கூரையின் கீழ் வாழ்பவரும் கேட்கலாம்.